ஊசி போட்டும் நொண்டும் குதிரையை மீட்பது எப்படி?

நான்கு மாதம், மூன்று வகை வலி மருந்து, ஒரு மூட்டு ஊசி, இரண்டு விதமான லாடம். அதற்குப் பிறகும் எங்கள் பொன்னி முன்னங்கால்களைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். அந்தியூர்க் குதிரைச் சந்தையில் அவளை வாங்கும்போது சுழி பார்த்தேன், பல் பார்த்தேன், காது வளைவு பார்த்தேன். காலைத் தூக்கிக் குளம்பின் அடியை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் வைத்தியம் பார்த்தவரே, "வித்துடுங்க, இல்லைன்னா குட்டிக்கு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

சித்திரையில் வேறு வழியில் ஆரம்பித்தோம். பதினான்கு மாதம் ஓடிவிட்டது. இப்போது காலையில் வாய்க்கால் கரை மண்பாதையில் அவள் மேல் ஏறி ஒரு மணி நேரம் போய் வருகிறேன். சரளைக் கல்லில் மட்டும் இன்னும் யோசித்துத்தான் கால் வைக்கிறாள்.

நான் மருத்துவர் இல்லை. கீழே உள்ளது மருத்துவருக்குப் பதிலாக அல்ல. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கேட்டுவிட்டு லாயத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்காக எழுதுகிறேன். எங்களுடையது முன்குளம்பின் பின்பகுதி வலி, மருத்துவர்கள் நேவிகுலர் என்பார்கள். குளம்பு சார்ந்த நாள்பட்ட நொண்டலுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. இது உங்களுக்கான கட்டுரைதானா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறது. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறது, மூட்டருகே காயமும் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பின்புறத் தசைநார் வாழைத்தண்டு மாதிரி புடைத்திருக்கிறது. அல்லது முன்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கிறது.

கடைசியாகச் சொன்ன அந்த நிலை லேமினைட்டிஸ். குளம்புச் சுவருக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகும் நோய். தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்ற குதிரைக்கும், கொழுத்த குதிரைக்கும், நஞ்சுக்கொடி விழாத பெட்டைக்கும் வரும். இதில் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு, "நடந்தா ரத்தம் ஓடும்" என்று குதிரையை இழுத்து நடக்க வைப்பது. பிடிப்பு விட்ட எலும்பின் மேல் முழுப் பாரமும் இறங்கி நிலைமை இன்னும் கெடும். நடக்க வைக்காதீர்கள். மருத்துவர் வரும் வரை குளம்பை ஐஸ் தண்ணீரில் வையுங்கள்.

ஒருநாள் நன்றாக இருந்து மறுநாள் காலே ஊன்றவில்லை என்றால் பெரும்பாலும் குளம்புக்குள் சீழ். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் வழி திறந்து சீழை வெளியேற்றினால் வேகமாகத் தேறும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று மட்டும் உடனே பாருங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் வரும்.

2. ஃபைலைச் சேருங்கள்

இரண்டாவது கருத்து கேட்கப் போகும்போது கையில் காகிதம் இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் அப்படித்தான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். சேர்க்க வேண்டியவை:

எந்தத் தேதியில் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள். சீட்டு தொலைந்திருந்தால் மருந்துக்கடை பில்லிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே. இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். ஃபிலிமை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எடுத்த இடத்தில் அசல் டிஜிட்டல் கோப்பை பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். புதிதாக எடுப்பதானால் லாடத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு முன்கால்களையும் ஒரே உயர மரக்கட்டையில் நிறுத்தி, பக்கவாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். குளம்பின் முன்சுவரில் ஒரு கம்பித் துண்டை நேராக ஒட்டிவிட்டால், உள்ளே எலும்பு எந்தச் சாய்வில் இருக்கிறது, வெளியே குளம்பு எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது படத்திலேயே தெரியும்.

மரத்துப்போகும் ஊசி போட்டு வலி எங்கே என்று சோதித்தார்களா, எந்த இடத்தில் போட்டபோது நொண்டல் நின்றது என்ற குறிப்பு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை வேப்பேரிக்கோ போனால் இதைத்தான் முதலில் கேட்பார்கள். இந்தச் சோதனையே செய்யாமல் நான்கு மாதம் மருந்து கொடுத்திருந்தால், வைத்தியம் தோற்றது என்று சொல்வதற்கில்லை. நோய் என்னவென்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டியில் ஏற்றிப் போவதானால், பயணம் தாங்கும் நிலையில் இருக்கிறது என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். மாநிலம் தாண்டுவதானால் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவையும் கேட்பார்கள். மனிதனுக்கும் தொற்றும் நோய் அது, அதனால் விளையாட்டில்லை. முடிவு வர நாள் பிடிக்கும், வண்டி பேசுவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.

3. வீடியோ எடுங்கள்

உங்கள் கண்ணை நம்பாதீர்கள். நாம் பார்க்க விரும்புவதைத்தான் பார்ப்போம். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே ஆள் கயிறு பிடிக்க, தார் ரோட்டிலோ கெட்டித் தரையிலோ நடையும் மென்னோட்டமும் எடுங்கள். முன்னிருந்து, பின்னிருந்து, பக்கத்திலிருந்து. கயிறு தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் தலை ஆட்டம் மறைந்துவிடும்.

முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். நல்ல கால் படும்போது தலை இறங்கும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கு வைத்தியம் பார்ப்பது உண்டு. இரண்டு முன்காலும் சமமாக வலித்தால் தலை ஆட்டமே இருக்காது. அடி மட்டும் குறுகும், முள்ளின் மேல் நடப்பது போல நடக்கும். பொன்னிக்கு அப்படித்தான். "சோம்பேறி" என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் போனைத் தரையில் வைத்து, ஸ்லோமோஷனில், குளம்பு தரையைத் தொடும் கணத்தை எடுங்கள். குதிப்பக்கம், அதாவது குளம்பின் பின்பக்கம், முதலில் படுகிறதா, நுனி முதலில் படுகிறதா? நலமான குளம்பு கெட்டித் தரையில் குதியையோ, முழு அடியையோதான் முதலில் வைக்கும். நுனி முதலில் பட்டால், குதிப்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறது என்று பொருள். இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்கு மிகவும் உதவிய அளவுகோல் இதுதான். ஏழாம் வாரம் இடது குளம்பு முதல் தடவையாகக் குதியில் இறங்கியதை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

4. தீவனத்தைத் திருத்துங்கள்

கால் வலிக்குத் தீவனமா என்று தாண்டிப் போகாதீர்கள். எங்கள் பக்கம் குதிரைக்கு என்ன போடுகிறோம்? கோ-4 புல், கோதுமைத் தவிடு, கொள்ளு, ஆசைக்கு ஒரு கட்டி வெல்லம். மாடு இதில் செழிக்கும். குதிரையின் கணக்கு வேறு.

கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் ஏறக்குறைய பத்து மடங்கு. குதிரைக்குச் சுண்ணாம்புதான் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கோ-4 போன்ற நேப்பியர் வகைகளிலும், கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் இருக்கிறது. அது புல்லில் உள்ள சுண்ணாம்பையும் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிறு ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இது நடந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும். இன்று ஒரு கால், அடுத்த வாரம் வேறு கால் என்று நொண்டல் இடம் மாறும். முற்றினால் முக எலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். எந்த வலி ஊசிக்கும் இது அடங்காது. உங்கள் குதிரை கால் மாற்றி மாற்றி நொண்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

நாங்கள் செய்தது: தவிட்டை நிறுத்தினோம். கோ-4-ஐப் பாதியாகக் குறைத்து, சோளத்தட்டையும் குதிரைமசாலும் சேர்த்தோம். பெயரிலேயே குதிரை இருக்கும் தீவனத்தை மாட்டுக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம்! சுண்ணாம்புச் சத்து எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்தார், அதை நீங்களாக ஊகிக்காதீர்கள். எதை மாற்றினாலும் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும்.

குதிரை குண்டாக இருந்தால், கழுத்தின் மேல்விளிம்பு தடித்துக் கெட்டியாக இருந்தால், கொள்ளும் வெல்லமும் முதலில் போகட்டும். எடை பார்க்க வே-பிரிட்ஜ் தேவையில்லை. முன்காலுக்குப் பின்னே மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் தோராயமான கிலோ கிடைக்கும். பொன்னிக்குச் சுற்றளவு 165, நீளம் 150, எடை ஏறக்குறைய 344 கிலோ. அதில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 5 முதல் 7 கிலோ உலர்தீவனம் ஒரு நாளைக்கு. பச்சைப்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதை அப்படியே கிலோவுக்குக் கிலோ கணக்கில் வைக்காதீர்கள்.

5. லாடத்தைக் கழற்றி, குளம்பை ஒழுங்காகச் சீவுங்கள்

பொன்னியின் லாடத்தைக் கழற்றியவர் ஐம்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் பெரியவர். குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இதென்ன கண்ணு, ரெண்டு சைஸ் பெரிய செருப்பு போட்ட மாதிரி வளத்து வச்சிருக்கீங்க" என்றார். முன்நுனி நீண்டு, குதி முன்னால் ஓடிச் சப்பையாகிக் கிடந்தது. அடியில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று இருக்க வேண்டிய பகுதி, காய்ந்த புளியங்காய் மாதிரி சுருங்கியிருந்தது. நடுப்பள்ளத்தில் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டால் ஒரு அங்குலம் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது வந்த அழுகல் நாற்றத்தில் குதிரையைப் பிடித்திருந்த பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான்கு மாதத்தில் யாரும் அந்தப் பள்ளத்தைப் பார்க்கவில்லை, நான் உள்பட.

நீண்ட நுனி ஒவ்வொரு அடியிலும் நெம்புகோல் போல வேலை செய்யும். குளம்பு தரையை விட்டு எழும்போது குதிப்பக்கத் தசைநாரும் சிறு எலும்பும் இழுபடும். வலிப்பதால் குதிரை நுனியில் நடக்கும். குதிப்பகுதி வேலையில்லாமல் இன்னும் சுருங்கும். இந்தச் சுற்றை உடைப்பதுதான் சீவலின் நோக்கம்.

லாடக்காரரிடம் பேசிவைக்க வேண்டியவை சில. ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டாம், நுனியைச் சிறிது சிறிதாகப் பின்னுக்குக் கொண்டுவரட்டும். அடிப்பாகத்தை வழித்து மெல்லியதாக்க வேண்டாம், அது ஏற்கெனவே மெல்லிசு. முக்கோணத்தில் தொங்கும் அழுகலை மட்டும் எடுத்தால் போதும். எக்ஸ்ரேயை அவரிடம் காட்டுங்கள். முடிந்தால் மருத்துவரையும் அவரையும் ஒரே நாளில் வரவழையுங்கள். இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்வார்கள், பரவாயில்லை, பொன்னிக்கு நடந்த மிக நல்ல காரியம் அந்த ஒரு மணி நேரம்தான்.

சீவல் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. லாடம் கழற்றிய முதல் சில வாரம் நொண்டல் கொஞ்சம் கூடுவது போலத் தெரியலாம், அதற்குக் குளம்பு பூட் உதவும். நம் ஊர்க் கடைகளில் நான் தேடிக் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன், சுங்க வரியோடு. முதல் சீவலுக்குப் பிறகு அளவு எடுத்து ஆர்டர் போடுங்கள். நான் முன்பே போட்டு, முதல் ஜோடி இரண்டு எண் பெரிதாக வந்து, திருப்பி அனுப்பவும் முடியாமல் பரணில் கிடக்கிறது. பூட் வரும் வரை தடித்த ஃபோம் ஷீட்டைக் குளம்பு அளவுக்கு வெட்டி, துணி டேப்பால் சுற்றினோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டேப் முடி ஆரம்பிக்கும் விளிம்புக்கு மேலே ஏறக்கூடாது, அறுத்துவிடும்.

"சூடு போட்டா சரியாப் போகும்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு தோலைப் புண்ணாக்கும், குளம்புக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது.

6. தரை

கடப்பாக் கல் தரையில், மூத்திர ஈரத்தில், ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் கட்டிப்போட்டிருந்தால் எந்தச் சீவலும் உதவாது. மாட்டுக்கு விரிக்கும் ரப்பர் மேட்டை லாயத்தில் விரித்தோம். வெளியே நான்கு சென்ட் இடத்தில் வேலி போட்டு, அரை அடி மணல் கொட்டி, பகலெல்லாம் அவிழ்த்துவிட்டோம். தண்ணீர்த் தொட்டி ஒரு மூலையில், தீவனம் எதிர்மூலையில். நடந்தே ஆக வேண்டும். மணலில் தீவனத்தைக் கொட்டாதீர்கள். வாயோடு மணலும் போய்க் குடலில் தங்கும். தொட்டியில் வைத்து, கீழே ஒரு மேட் போடுங்கள்.

ஐப்பசி மழையில் இத்தனையும் சேறாகிவிட்டது. பள்ளத்து அழுகல் திரும்பியது, வலது குளம்பில் சீழும் வைத்தது. மூன்று வாரம் பின்னடைவு. வடகிழக்கு மழைக்கு முன்பே, புரட்டாசியில், நிற்க ஓர் உலர்ந்த மேட்டு இடம் செய்துவிடுங்கள்.

7. நடை

முதல் மூன்று வாரம் மணலில் அதுவாக உலாவுவது மட்டும். பிறகு கயிறு பிடித்து, மென்மையான சமதரையில், நேர்க்கோட்டில், காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். கூட்டலாமா வேண்டாமா என்பதை மறுநாள் காலை முதல் பத்து அடிகள் சொல்லும். நேற்றைவிட விறைப்பாக இருந்தால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்புங்கள். கணுக்காலின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரல் வைத்து நாடியையும் தினமும் பாருங்கள். சாதாரண நாளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரலை இடிப்பது போலத் துடித்தால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது.

நாங்கள் நாற்பது நிமிட நடைக்கு வர மூன்று மாதம் ஆனது. ஐந்தாம் மாதம் மென்னோட்டம், ஒன்பதாம் மாதம் சேணம். வட்டமாகச் சுற்ற விடுவது கடைசியில்தான், உள்பக்கக் காலுக்கு அதில் பாரம் அதிகம். தசைநார்க் கிழிசல் இருந்தால் இந்த அட்டவணை செல்லாது. அதற்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

8. வலி மருந்து

முழு அளவு மருந்தில் இருக்கும் குதிரை நன்றாக நடப்பதை முன்னேற்றம் என்று எண்ணாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுக் குறைத்து, மருந்தில்லாத நாளில் வீடியோ எடுங்கள். பினைல்பூட்டசோன் போன்றவற்றை நீண்ட நாள் கொடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். இரண்டு வலி மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது இன்னும் ஆபத்து. மருந்துக்கடைக்காரர் டைக்ளோஃபினாக் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். கால்நடைக்கு அது 2006-லேயே தடை, கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-ல் தடை. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது இறந்த விலங்கைத் தின்னும் பாறு கழுகுகள் செத்துப்போகும். அவற்றுக்குப் பதிலாக மெலாக்சிகாம் இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள்.

9. செலவும் காலமும்

குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். மேலே முடி விளிம்பில் பிறக்கும் புதுக்குளம்பு நுனி வரை இறங்க 9 முதல் 12 மாதம் ஆகும். ஒரு வருடம் பொறுக்க முடியாது என்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. மூன்றாம் மாதம் மேலே புதுச்சாய்வில் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், கண்ணுக்கே தெரியும். அதுவரை நம்பிக்கையில்தான் ஓட்ட வேண்டும்.

தீவனம் நீங்கலாக முதல் வருடம் எனக்கு ஆனது: எக்ஸ்ரே இரண்டு தடவை 7,200 ரூபாய். சீவல் 13 முறை, பயணப்படியோடு 13,000. பூட் ஒரு ஜோடி 19,500 (பரணில் கிடப்பதைச் சேர்க்கவில்லை, வீட்டில் படிப்பார்கள்). ரப்பர் மேட் நான்கு 8,800. மணலும் வேலியும் 24,000. மருத்துவர் வருகை, ரத்தப் பரிசோதனை 11,000. மொத்தம் 83,500. எல்லோருக்கும் இதே தொகை ஆகாது. மணல் விலை ஒன்றே கணக்கை மாற்றிவிடும்.

ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் மருந்தில்லாமல் நடையில்கூட வலி குறையவில்லை என்றால், புது எக்ஸ்ரேயோடு மறுபடி மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சவாரிக்கு ஆகாமல், வலியில்லாமல் மேய்ந்துகொண்டிருப்பதும் ஒரு முடிவுதான். விற்பதானால் எக்ஸ்ரேயைக் காட்டி விற்றுவிடுங்கள். வலி ஊசி போட்டுச் சந்தையில் நிறுத்தினால் அது இன்னொரு வீட்டு வாசலில் என்னைப் போல ஒருவரை உட்கார வைக்கும்.

கடைசியாக ஒன்று. அடுத்த சீவலுக்கு, முந்தைய சீவல் முடிந்த இருபத்திநான்காம் நாளே போன் செய்து தேதி வாங்கிவிடுங்கள். இப்போது ஆனி. ஆடி பிறந்து சந்தை கூடிவிட்டால் நல்ல லாடக்காரர்கள் எல்லோரும் அந்தியூரில் இருப்பார்கள், ஒருத்தரும் போனை எடுக்க மாட்டார்கள்.